விருந்தாளி போனால் கழிக்கணும்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவர் கண்ணில் பட்டு, இரண்டாம் பத்தியில் ஒரு தவறு இருக்கிறது, திருத்திவிட்டு மறுபடி அனுப்பு என்று செய்தி வரும். அதைத் தாங்குகிற தெம்பு இப்போது எனக்கில்லை. மலையாளிகள் அவரைச் சேச்சி என்றார்கள், நான் அக்கா என்றேன். இங்கேயும் அக்காவாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் குடும்பத்துக்குப் பரம்பரையாக மிளகு வியாபாரம். எறணாகுளத்தில் சிநேகிதர்கள் எல்லோரும் சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கிக்கொண்டிருந்தார்கள். நம் மாடியும் சும்மாதானே கிடக்கிறது என்று இவரும் தொடங்கிவிட்டார். கீழே மிளகும் சுக்கும், மேலே நாங்களும் கம்ப்யூட்டர்களும். சாயங்காலத்துக்குள் ஆளுக்கு நாலு தும்மலாவது வரும். அமெரிக்காவிலிருந்து போனில் பேசுகிறவர்கள், இந்த ஊரில் எல்லோருக்கும் எப்போதும் ஜலதோஷம் என்றே நம்பியிருந்தார்கள்.

எங்கள் தொழிலுக்கு டிரைவர் எழுதுவது என்று பெயர். கம்ப்யூட்டரின் அடிமடியில், கர்னல் என்கிற இடத்தில் உட்கார்ந்து இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் நிரலுக்கு டிரைவர் என்று எவனோ பெயர் வைத்துவிட்டான். மட்டாஞ்சேரியில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் முதல் நாளே என்ன வண்டி என்று கேட்டார். அக்காவின் பாடு இன்னும் மோசம். நாங்கள் எழுதும் டிரைவரை வரி வரியாகப் படித்து, தேறும், தேறாது என்று சொல்வதுதான் அவர் வேலை. 'டிரைவர்களைச் சோதித்துப் பார்க்கிற உத்தியோகம்' என்று அது தெருவில் பரவிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் மகனையும் ஒரு சீப்பு நேந்திரம் பழத்தையும் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் நின்றார். மகனுக்கு பைக் லைசென்ஸ் வேண்டுமாம்.

வேறு யாராக இருந்தாலும், நான் அந்த ஆபீஸ் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அக்காவும் சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால், அந்த மகனைச் சந்தில் எட்டு போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டார். அவன் வளைவில் காலைத் தரையில் ஊன்றினான். இன்னும் ஆகவில்லை, ஒரு மாதம் பழகிவிட்டு வா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் தனக்கும் லைசென்ஸ் ஆபீசுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினார். பழத்தையும் திருப்பிக் கொடுத்தார், ஒரு பழம் அழுகல் என்ற தகவலோடு.

இதுதான் அக்கா. எது முன்னால் வந்தாலும் அதைப் படித்துப் பார்க்காமல் விட அவரால் முடியாது. மட்டாஞ்சேரியில் சுவருக்குச் சுவர் மரண அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். மற்றவர்கள் போட்டோவைப் பார்த்து அடடா என்று நகர்ந்துவிடுவோம். அக்கா பிறந்த வருஷத்தையும் வயதையும் ஒத்துப் பார்ப்பார். ஒருமுறை கணக்கு இடித்தது. அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, செத்தவருக்கு ஒரு வயது கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டிருந்த வீட்டில் அதற்கு நன்றி வேறு சொன்னார்களாம். எறணாகுளத்துக்குப் போகப் படகுத்துறையில் போட் ஏறினால், தொங்குகிற மிதவை வளையத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். அது கம்பியோடு கம்பியாக இறுகக் கட்டியிருந்தால் இறங்கி அடுத்த போட்டுக்கு நிற்பார், கூட வந்த பாவத்துக்கு நானும் நிற்பேன். அடுத்த போட்டிலும் அப்படித்தான் கட்டியிருக்கும். எறணாகுளம் என்னவோ அப்படியே அந்தக் கரையில் இருக்கும்.

அவர் கணவர் வெலிங்டன் தீவில் துறைமுகக் கிடங்கொன்றில் வேலை பார்த்தார். பொறுமைக்கு உருவம் கொடுத்தது போன்ற மனிதர், வீட்டில் சமையலும் அவர்தான். ஒருநாள் அவர் வைத்த மீன் குழம்பை நான் ஆகா என்று புகழ்ந்தபோது, அக்கா காதில் விழாமல் என்னிடம் சொன்னார்: "உனக்குப் பிடிச்சுது. சந்தோஷம். கல்யாணம் கழிச்சு இத்தனை வருஷமாச்சு தம்பி, எனக்கு இதுவரைக்கும் அப்ரூவல் கிட்டல."

அக்காவின் தாத்தா நகரசபை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அக்கா பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாம் மட்டாஞ்சேரியில். மலையாளத்தை மழை மாதிரி படிப்பார், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். பேச்சில் இரண்டும் கலந்து வரும். அவர் அடியோடு வெறுத்தது ஒரே ஒரு வார்த்தையை. 'ஆயிரிக்கும்.' மலையாளத்தில் 'அப்படித்தான் இருக்கும்' என்று பொருள். அந்த ஊரே அந்த வார்த்தையின் மேல்தான் நடந்துகொண்டிருந்தது. போட் வருமா? ஆயிரிக்கும். மிளகு காய்ந்ததா? ஆயிரிக்கும். எங்கள் அலுவலகத்தில் மட்டும் அதற்குத் தடை. யாராவது வாய் தவறிச் சொன்னால் அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்காருவார்.

"நீ கண்டியா? கண்டாச் சொல்லு, காணலைன்னா காணலைன்னு சொல்லு. ஆயிரிக்கும்னு ஒரு சாதனம் கம்ப்யூட்டருக்குள்ள இல்ல."

அந்த நேரத்தில் என் வாழ்க்கையே ஆயிரிக்கும் என்ற நிலையில் இருந்தது. கம்பத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா திராட்சை வியாபாரி. மாப்பிள்ளை கொச்சியில் டிரைவர் என்று யாரோ அவர் காதில் போட, ஏற்பாடு முறியப் பார்த்தது. என் அம்மா போய், அது அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற டிரைவர், ரோட்டில் ஓட்டுகிறதில்லை என்று விளக்கி ஒட்டுப் போட்டாள். அவருக்குப் பாதிதான் புரிந்தது. உத்தியோகம் நிலையாக இருந்தால் தை மாதம் கல்யாணம், இல்லையென்றால் எனக்கு வேறு இடம் பார்க்கத் தெரியும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதை மறைக்க ஒன்றுமில்லை. வேலை போனால் அவளும் போவாள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வேலையோ ஒரே ஒரு அமெரிக்கக் கம்பெனியை நம்பி இருந்தது. அவர்களுக்கு நாங்கள் செய்துகொண்டிருந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்களாகப் பிரித்து வாடகைக்கு விடுகிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். உள்ளே குடியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் கெஸ்ட் என்று பெயர், விருந்தாளி. வீட்டை நடத்துவது ஹோஸ்ட். ஒவ்வொரு கெஸ்டும் வீடு முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அது எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணிச் சொல்லும் கவுண்டர்கள் இயந்திரத்துக்குள் உண்டு, கரண்டு மீட்டர் மாதிரி. அந்த எண்ணிக்கையை கெஸ்டுக்கு எடுத்துக் காட்டும் டிரைவரைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சிக்கல் எங்கே என்றால், நடுநடுவே கெஸ்டை நிறுத்திவிட்டு ஹோஸ்ட் தன் வேலையைப் பார்க்கும். அப்போதும் மீட்டர் ஓடும். ஹோஸ்ட் ஓட்டியதைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் கெஸ்டிடம் காட்ட வேண்டும். என் நிரல் எல்லா இடத்திலும் கழித்தது, ஒரே ஒரு சந்தில் தவிர. சோதனை ஓட்டங்களில் அந்தச் சந்துக்குள் யாரும் போகவில்லை. அக்கா போனார். மாடிவீட்டுக்காரன் மோட்டார் போட்டால் கீழ்வீட்டுக்காரன் தலையில் யூனிட் ஏறுகிற சண்டை மட்டாஞ்சேரியில் எல்லா வாடகை வீட்டிலும் உண்டு. இது அதுதான் என்றார் அக்கா. அடுத்தவன் என்ன ஓட்டுகிறான் என்று இவன் மீட்டரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அது அதைவிடக் கேவலம் என்றும் சொன்னார்.

தவறு கண்ட இடத்தில் நிரலுக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதி வைப்பது அவர் வழக்கம். முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்காக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, உங்கள் ஆட்களைப் பற்றி உங்கள் ஆளே இப்படி எழுதியிருக்கிறாரே என்று முதலாளியைக் கேட்டார்கள். முதலாளி உடனே ஒரு சட்டம் போட்டார். இனி குறை சொல்வதென்றால் தாய்மொழியில், ஆங்கில எழுத்தில். வெள்ளைக்காரனுக்குப் புரியக் கூடாது. அன்று முதல் மலையாளிகளுக்கு மலையாளத்தில், எனக்குத் தமிழில்.

இந்தச் சட்டத்தின் முதல் பலி கழுதை. பிஜு என்று ஒரு பையன், எனக்கு அடுத்த இருக்கை, நல்ல வேலைக்காரன், சாப்பாட்டுப் பிரியன். அவன் எழுதிய ஒரு பகுதிக்குப் பக்கத்தில் அக்கா 'kazhutha' என்று மட்டும் எழுதியிருந்தார். தமிழிலும் மலையாளத்திலும் கழுதைக்கு ஒரே மரியாதைதான். இது என்ன என்று அமெரிக்காவிலிருந்து கேள்வி வந்தது. முதலாளி கொஞ்சமும் அசராமல், அவர் எங்கள் மூத்த பொறியாளர், அந்தப் பகுதி அவருடையது, இப்போது லீவில் இருக்கிறார் என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு வந்த மெயில்களில் எல்லாம் மிஸ்டர் கழுதாவுக்கு அன்பான விசாரிப்புகள் வந்தன. கிறிஸ்துமஸுக்கு அவர் பெயருக்குத் தனியாக ஒரு வாழ்த்து அட்டையும் வந்தது. பிஜு அதைத் தன் மேஜையில் ஒட்டி வைத்துக்கொண்டான்.

என் சந்துக்குப் பக்கத்தில் அக்கா எழுதிய குறிப்பு இது: 'guest ponaal kazhikkanum'. கெஸ்ட் வெளியே போனால் ஹோஸ்டின் கணக்கைக் கழிக்கணும். ஒரு தமிழனுக்கு எழுதியது, தமிழனுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அந்தத் தமிழன் அன்று காலையில்தான் நிச்சயதார்த்தத்துக்காகக் கம்பத்துக்கு பஸ் ஏறியிருந்தான். என் வேலை பிஜுவின் கைக்கு மாறியது. மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது.

அந்த நாளென்று பார்த்து அமெரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் எங்கள் அலுவலகத்தைப் பார்க்க நேரில் வந்திருந்தார். நிஜமான கெஸ்ட். அவருக்காகக் கரிமீன் பொரித்ததும் பிரியாணியும் வந்து இறங்கியிருந்தன. பிஜு குறிப்பைப் படித்தான். விருந்தாளி போனால் கழிக்கணும். அவனுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. சேச்சி ஒழுங்கு பார்க்கிறவர், விருந்தாளி இருக்கும்போது நாம் பாய்ந்து விழக் கூடாது, அவர் கிளம்பிய பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார், நியாயந்தானே என்று முடிவுகட்டி, கீழே கிடங்கு ஆட்கள்வரை சொல்லிவிட்டான். அத்தனை பேரும் பிரியாணி வாசனையில் பட்டினியாகக் காத்திருந்தார்கள். வந்தவரோ மிளகு எப்படிச் சலிக்கிறார்கள் என்று சாவகாசமாகக் கிடங்கைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மேல் அவரை வெலிங்டன் தீவிலிருந்த ஓட்டலில் கொண்டுபோய் விட்டு, போகிற வழியில் தொழில் சமாச்சாரம் பேசி வரும்படி முதலாளி அக்காவையே அனுப்பினார். கார் தெருமுனையைத் தாண்டியதும் அலுவலகம் பிரியாணியில் விழுந்தது. கை கழுவிவிட்டு வந்த பிஜு, கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று, அக்காவின் குறிப்புக்குக் கீழே 'kazhichu' என்று எழுதி வைத்தான். சாப்பிட்டாயிற்று.

முதலாளி அதைப் பார்த்தார். கேள்விக்குக் கீழே பதில் இருக்கிறது, அப்படியானால் விஷயம் முடிந்தது என்று அவர் புரிந்துகொண்டார். விருந்தாளி ஓட்டலுக்குப் போய்ச் சேருவதற்குள் நல்ல செய்தி அவர் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை வேறு. அக்காவின் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பெயரில், சரி என்கிற பொத்தானை அவரே அமுக்கிவிட்டார்.

மறுநாள் நான் கையில் மோதிரத்தோடும் ஒரு பை திராட்சையோடும் வந்தபோது அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. அக்கா தன் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் பெயரும் அதன் பக்கத்தில் 'சரி'யும் இருந்தன. பிஜு எதிரே நின்றுகொண்டிருந்தான். கழிச்சியா என்று அக்கா கேட்டிருக்கிறார். கழிச்சு சேச்சி, பிரியாணி கொள்ளாமாயிருன்னு என்று அவன் சொல்லியிருக்கிறான், ரொம்ப நன்றாக இருந்தது என்று. அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனைத் திட்டவில்லை, மலையாளிக்கு அது சோறுதானே என்று மட்டும் சொன்னார். பிறகு முதலாளியின் அறைக்குப் போனார். அறைக் கதவு பழைய காலத்துப் பலகை, உள்ளே பேசியது எல்லாம் வெளியே கேட்டது.

முதலாளி கெஞ்சினார். இப்போது எதையும் கிளறக் கூடாது, அடுத்த பெரிய வேலையைக் கொடுக்கக் கம்பெனிக்காரர்கள் வாயைத் திறந்துவிட்டார்கள், அந்தச் சந்தை அடுத்த மாதம் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்றார். அக்கா அசையவில்லை. கடைசியில் முதலாளி தன் பரம்பரை ஞானத்தை எடுத்து வைத்தார்: "சேச்சி, ஒரு சாக்கு குருமுளகுல ஒரு பிடி கல்லு காணும். அது கச்சவடத்துல உள்ளதாணு." வியாபாரம் என்றால் அதெல்லாம் சகஜம் என்று.

"கல்லு போட்டது நீங்க," என்றார் அக்கா. "சாக்குல எழுதியிருக்கற பேரு என்னோடது."

வெளியே வந்து நேராகத் தன் இருக்கைக்குப் போனார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவரும் தன் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி நின்றோம். ஒருவனுக்கு வீட்டுக் கடன், ஒருத்திக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. என் பங்குக்கு நான் மோதிரத்தைக் காட்டினேன். தை மாதம் கல்யாணம் அக்கா, வேலை இல்லையென்றால் பெண் கிடைக்காது அக்கா என்றேன். அவர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல் ஒன்று ஆடுகிறது, தட்டானிடம் காட்டு என்றார்.

"கல்யாணம் நல்லா நடக்கட்டும்டா. நான் வேண்டாம்னா சொல்றேன்? ஆனா நான் காணாத ஒண்ணுல நான் கண்டேன்னு கிடக்குது. அது கிடக்கற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

இரண்டே வரி எழுதினார். அந்தத் தடவை ஆங்கிலத்தில், எல்லோருக்கும் புரியும்படி. மேலே உள்ள சம்மதம் என்னுடையதல்ல. இந்த இடத்தில் ஹோஸ்டின் எண்ணிக்கை கழிக்கப்படவில்லை. அனுப்பிவிட்டு, போய் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு வந்து, கழிக்க வேண்டிய வரிகளை என்னை உட்கார வைத்து எழுத வைத்தார். எழுதினேன். எழுதிய பிறகு அதிலும் ஒரு குறை சொன்னார்.

அமெரிக்காவிலிருந்து முதலில் நன்றி வந்தது. நாங்கள் பிழைத்தோம் என்று நினைத்தோம். இரண்டு வாரம் கழித்து, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று வந்தது. நிரலில் தவறு இருப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லையாம், அது உலகம் பூராவும் இருக்கிறது. ஒருவர் பெயரில் இன்னொருவர் சரி சொல்லும் இடத்தோடு தொழில் செய்ய முடியாதாம். முதலாளி அதைப் படித்துவிட்டு, இதற்குப் போய் இவ்வளவா என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வீட்டில் அப்பா கையெழுத்தை மகன் போடுவதுதான் மூன்று தலைமுறை வழக்கம். அந்த வாரமே மாடிக்குச் சுக்கு மூட்டைகள் ஏற ஆரம்பித்தன.

எங்களுக்கு அக்கா மேல் வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பிஜு சேச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தினான். நான் அவர் வீட்டுப் பக்கம் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஊரில் அத்தனை பேரும் ஆயிரிக்கும் என்றே பிழைக்கும்போது இந்த ஒருத்திக்கு மட்டும் உண்மை எதற்கு என்று தோன்றியது. கம்பத்துக்கு நான் எதுவும் சொல்லவில்லை. வேறு வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள், எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. களமசேரியில் ஒரு கம்பெனிக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாமனார், சொல்லாமல் கொள்ளாமல், குமுளி வழியாக பஸ் பிடித்து மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டார். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது பெண்ணைப் பெற்றவர்களின் உரிமை. முதலில் டீக்கடையில் கேட்டிருக்கிறார். பிறகு என் வீட்டுச் சொந்தக்காரரிடம், பிறகு பிஜுவிடம், கடைசியில் முதலாளியிடமே. எல்லோரும் நல்லவர்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்? தங்கமான பையன் என்றார்கள். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்றார்கள். முதலாளி ஒரு படி மேலே போய், என்னை மாதிரி ஆள் கம்பெனிக்கு ஒரு சொத்து என்று சொல்லியிருக்கிறார், பின்னால் மாடிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதே. கூட வேலை பார்த்த தமிழ் அம்மா ஒருத்தர் இருக்கிறார், அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வழி காட்டியது டீக்கடைக்காரர். அவருக்கு எங்கள் சமாச்சாரம் தெரியாது.

எனக்குப் போன் போட்டது அக்காவின் கணவர். "உன்னோட மாமனார் இங்க இருக்காரு," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ பேச ஆரம்பிச்சிட்டா தம்பி. வேகம் வா."

ஓடினேன். மட்டாஞ்சேரியில் ஓடுகிறவனுக்குக் குறுக்கே ஆடுகள் வரும், அன்று ஊரிலிருந்த ஆடுகள் எல்லாம் வந்தன. நான் வாசலில் மூச்சு வாங்க நின்றபோது மாமனார் கையில் சாயாக் குவளையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"காலையில எழுந்திரிக்க மாட்டான். வேலை முடியறதுக்கு முந்தியே முடிஞ்சுதுன்னு சொல்லிடுவான். தப்புன்னு சொன்னா முகம் வீங்கும், ரெண்டு நாள் மிண்ட மாட்டான், ஒரு பேச்சும் கிடையாது, மூணாம் நாள் வந்து திருத்துவான். நல்லாப் போற வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியும், மூலையில ஒரு சந்து இருந்தா அது மட்டும் தெரியாது. வேலை போயி ஒரு மாசம் ஆகப் போகுது. உங்ககிட்ட பறஞ்ஞானா?"

மாமனார் இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப அதையும் கூட்டிக்கோங்க," என்றார் அக்கா.

மாமனார் சாயாவை ஒரு வாய் குடித்தார். பையனுக்குக் குடிப் பழக்கம் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இதிலாவது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க மாட்டாளா என்று என் மனம் கூவியது. அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"நான் கண்டதில்ல. காணாததை நான் எப்படிச் சொல்லட்டும்?"

மாமனார் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் நேராகப் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு நடந்தார். எல்லாம் போயிற்று, அவளும் போய்விட்டாள் என்று எனக்குள் நானே பத்திரிகையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவர் திரும்பினார்.

"காலையில இருந்து நாலு பேர்ட்ட கேட்டேன். நாலு பேரும் தங்கம்னான். எனக்குச் சந்தேகம் வந்திருச்சு மாப்ள. கூடைக்கு மேல இருக்கற பழத்தக் காட்டி விக்கிறவன்ட்ட நான் சரக்கு எடுக்கவே மாட்டேன். அந்தம்மா ஒண்ணுதான் கூடையக் கவுத்துக் கொட்டிக் காட்டுச்சு. இவ்வளவுதான் அழுகல்னா, பரவால்ல, மீதி தின்னலாம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வேல போனா வரும். போனத எம்பொண்ணுகிட்ட இன்னைக்கே நீயே போன் பண்ணிச் சொல்லிரு. அவ வேணாம்னா வேணாம். சரின்னா தை மாசம்."

அன்றே சொன்னேன். அவள், வேறு என்னவெல்லாம் அந்தக்கா சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன், என்னால் முடிந்தவரை மழுப்பித்தான். ஆனால் அவளுக்கு அவள் அப்பாவிடமிருந்தும் முழுப் பட்டியல் போய்விட்டது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அக்கா கணவரோடு கம்பத்துக்கு வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்து ரசத்தில் உப்பு குறைவு என்று சொன்னார், குறைவாகத்தான் இருந்தது. அப்புறம் எனக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது, அவரும் வேறு எங்கோ போனார், நாளாவட்டத்தில் போன் பேசுவதும் நின்றது. கல்யாண போட்டோவில் எங்கள் பக்கத்தில் நிற்கும் அவரை விருந்தாளிகள் யார் என்று கேட்டால், இந்த வீட்டில் என் மனைவிதான் பதில் சொல்வாள். என் கல்யாணத்துக்கு முன்னாடி இவரைப் படிச்சுப் பார்த்தவங்க என்பாள். பிறகு நான் காலையில் எழுந்திரிக்காதது தொடங்கி மூலைச் சந்து வரைக்கும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள்.

"இத்தனை வருஷமாச்சு," என்று முடிப்பாள். "அந்தக்கா சொன்னதுல இவர் ஒண்ணுகூட இன்னும் திருத்தல."